பிடித்து வைத்த அறை

"இந்தத் தடவையும் அதே ரூம்தானே மேடம்?" என்று விடுதிக்காரர் போனில் கேட்டதும் ராணிக்குச் சிரிப்புதான் வந்தது. சீசன் நேரத்தில் நாளெல்லாம் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போகிற மனிதர், வேறு யாரையோ நினைத்துக்கொண்டு கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் நிஜப் பெயர் ராணி இல்லை. டிராவல்ஸ் ஆபீசில் அவளை 'ரூம் ராணி' என்பார்கள். அந்த மலை நகரத்தில் நாய் படுக்கக்கூட இடம் கிடைக்காத நாட்களிலும், கேட்ட வாடிக்கையாளருக்கு அவள் ஓர் அறை எடுத்துக் கொடுத்துவிடுவாள். மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை. சீசன் தொடங்குவதற்கு முன்பே நல்ல விடுதிகளில் தன் பெயரையும் கணவர் பெயரையும் மகள் பெயரையும் போட்டு அறைகளைப் பிடித்து வைத்துவிடுவாள். நிஜமாகவே போகிறவர்கள் வந்ததும் பெயரை மாற்றுவாள். யாரும் வராவிட்டால் கேன்சல். பொய்தான், ஆனால் யாருக்கும் நோகாத பொய் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தாள். இப்படியாக அவள் குடும்பம் வீட்டை விட்டு அசையாமலே வருஷா வருஷம் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம்தான் உண்மையிலேயே போவதாக முடிவாகியிருந்தது; அதற்கு அறை கேட்டுத்தான் இந்த போன். ஊரென்றால் சாதாரண ஊரா! கயிறு கட்டிப் பாறை ஏறலாம், இறக்கை மாட்டிக்கொண்டு உச்சியிலிருந்து குதிக்கலாம், பள்ளத்தாக்குக்கு மேலே கம்பியில் தொங்கியபடி அந்தப் பக்கம் போகலாம். உயிர் மேல் ஆசை இல்லாதவனுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை என்று அவள் கணவர் கேலி செய்வார்.

"எந்த ரூம்ணே?" என்றாள் ராணி.

"மேல்மாடி, பள்ளத்தாக்குப் பக்கம். போன சீசன்ல தங்கினீங்களே. சார், நீங்க, குட்டி."

ராணியின் சிரிப்பு நின்றது. முன்பதிவில் மகளுக்குப் பள்ளிக்கூடப் பெயரைத்தான் கொடுப்பாள். குட்டி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். யார் வீட்டில்தான் ஒரு குட்டி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"நாங்க அங்க வந்ததே இல்லண்ணே. அது வேற யாராவது இருக்கும்."

எதிர்முனையிலிருந்து வேறு சத்தங்கள் வந்தன. காற்று ஏதோ ஒரு கதவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும், குழாயில் தண்ணீர் இறங்குவதும், அதற்கெல்லாம் பின்னால் வெகு தூரத்தில் ஒரு குழந்தை வாய்க்குள்ளேயே எதையோ முனகிக்கொண்டிருப்பதும் கேட்டன. பிறகு அவர் பேசியபோது குரலில் மரியாதை இல்லை.

"வந்ததே இல்லையா? நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு." போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் ராணிக்கு அது நினைவுக்கு வந்தது. போன சீசனில் ஒரு குடும்பம், பெயரை மாற்றுவதற்கு முன்பே, கடைசி நேரத்தில் பயணத்தைக் கைவிட்டது. அன்றைக்கு இருந்த நெருக்கடியில் அந்த அறையைக் கேன்சல் செய்ய மறந்துவிட்டாள். அறை ராணி, கணவர், மகள் என்று மூவர் பெயரிலேயே இருந்தது. ஆனால் யாரும் போகவில்லை. யாரும் போகவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்லையே! லீவே போடாம நான் மலைக்குப் போயிட்டு வந்துட்டேனா? இந்த வருஷமும் அப்படியே முடிச்சுக்கலாம் போலிருக்கே."

குட்டி தலையை நிமிர்த்தவில்லை. ஜன்னல் கம்பி, மதில், அலமாரி என்று ஒன்றையும் விட்டுவைக்காமல் ஏறித் திரிந்த பிள்ளை அவள்.

"நாம அங்க போகக் கூடாதும்மா."

"ஏன்டி? கம்பியில தொங்கணும்னு என் உயிரை எடுத்தியே?"

"அது முன்னாடி."

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒரு பருக்கைகூட மிச்சம் வைத்திருக்கவில்லை. போன விடுமுறைக்குப் பிறகு மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எதிர்வீட்டு அக்காவிடம் ராணி பெருமையடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஏனோ அந்தக் கவிழ்ந்த தட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஆபீசில் மேஜை போன் அடித்தது. விடுதிக்காரர்தான்.

"எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். பெத்த பிள்ளையை விட்டுட்டுப் போனவங்களைப் பார்த்ததில்ல," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"மூணு பேரா வந்தீங்க. மூணு பேரா கிளம்பினீங்க. நான்தானே பெட்டியைத் தூக்கி வண்டியில வெச்சேன்? திரும்பி வந்து ரூமைத் திறந்தா, கட்டில்ல உங்க குட்டி படுத்திருக்கா."

ராணி போனை இன்னும் இறுக்கமாகக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அன்னையிலிருந்து என் சம்சாரம்தான் சோறு போடறா. போலீஸ்ல சொல்லிடலாம்னு நினைச்சு ஒவ்வொரு தடவை உங்க வீட்டுக்கு போன் பண்ணும்போதும், நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு நீங்கதானே சொன்னீங்க? ரூம் கேட்டதும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றீங்கன்னு நினைச்சேன், நேத்து என்னடான்னா வந்ததே இல்லைங்கறீங்க. நெஞ்சுல ஈரம் இருக்கா உங்களுக்கு?"

"நான் உங்ககிட்ட பேசவே இல்ல! யாரோ உங்களை ஏமாத்தறாங்க. இல்லேன்னா நீங்க என்னை ஏமாத்தறீங்க. யாரை மிரட்டறீங்க?" ராணி கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதே குரல்தாம்மா. இருங்க, அவகிட்டயே குடுக்கறேன்."

ராணி அவசர அவசரமாகக் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை. குட்டி வீட்டில்தான் இருந்தாள், எதிர்வீட்டு அக்கா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுடி. எடுத்துத் தொலையேன்டி. இடது காதில் ஆபீஸ் போன், வலது காதில் கைபேசி.

"அம்மா?" என்றது இடது காது.

"அம்மா?" என்றது வலது காது.

ஒரே குரல். முடிவில் கொஞ்சம் இழுக்கிற அதே இழுப்பு. இரண்டு காதிலும் பிள்ளைகள் மூச்சு விடுவது கேட்டது.

இடது காதில் அழுகை தொடங்கியது. "அம்மா, இங்க ரொம்பக் குளிருதும்மா. நான் தூங்கும்போது ஏம்மா போனே? இனிமே எதுலயும் ஏற மாட்டேம்மா. வந்து கூட்டிட்டுப் போயேன்."

வலது காதில் அழுகை இல்லை. நிதானமாக ஒரு குரல்:

"அம்மா, அந்த போனை வை."

எந்த போன் என்று ராணி கேட்கவில்லை. தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே, இவளுக்கு எப்படித் தெரிந்தது என்றும் யோசிக்கவில்லை. அழுதுகொண்டிருந்த குரலை அப்படியே துண்டித்து மேஜை போனை வைத்தாள்.

சற்றுப் பொறுத்து விடுதியிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'கீழே வரும் வண்டியில் ஏற்றிவிட்டேன். விலாசம் எங்களிடம் இருக்கிறது. இனி உங்கள் பாடு.'

விலாசம் இருக்காதா? அவள் கொடுத்ததுதானே.

தலைவலி என்று சொல்லிவிட்டு ராணி வீட்டுக்கு ஓடினாள். வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கணவருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். குட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடவில்லை. புத்தகம் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்க ராணிக்குத் தைரியம் வரவில்லை.

பக்கத்தில் போய் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்த தலை, சோப்பு வாசனை. என் பிள்ளை. என் பிள்ளை என்னிடம்தான் இருக்கிறது. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. மழை தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்துக்குள் தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியையும் ராணி காது கொடுத்துக் கேட்டாள். எல்லாம் கடந்து போயின.

ஒன்று மட்டும் நின்றது.

மலை ஏறி இறங்குகிற வண்டிக்குரிய கனத்த உறுமல். கதவு திறந்தது. கதவு மூடியது. வண்டி போய்விட்டது.

படியில் காலடி. சின்னக் கால். நனைந்த ஷூ ஒவ்வொரு படியிலும் சளக்கென்றது. மெதுவாக ஏறியது. நடுவில் நின்று இளைப்பாறியது. மறுபடி ஏறியது. கதவிடுக்கு வழியாகப் பாசி வாசனை உள்ளே வந்தது, ஈர மண்ணும் குளிரும் கலந்த வாசனை.

வாசலுக்கு வெளியே நின்றது.

"தாழ்ப்பாளைப் போடு," என்றாள் குட்டி.

ராணி எழுந்து போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம் பல் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா. நானே வந்துட்டேன்."

தாழ்ப்பாளைத் தள்ள வேண்டியதுதான். கை தள்ளவில்லை. ஏன் தள்ளவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. குட்டி எழுந்து வந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது படியில் பெரிய காலடி. அவள் கணவர்.

"அடக் கடவுளே! என்ன கோலம் இது! வா, வா, அப்பாகிட்ட வா." பிறகு கதவை ஓங்கித் தட்டினார். "ஏய்! குட்டியை எதுக்கு மழையில வெளிய நிக்க வெச்சிருக்கே? பைத்தியமா உனக்கு?"

"அவளைத் தொடாதீங்க! குட்டி உள்ள இருக்கா! என் பக்கத்துல இருக்கா!"

"என்ன உளர்றே? என் தோள்ல இருக்கா! உடம்பு விறைச்சுப் போயிருக்குடி!"

சாவிக்கொத்து குலுங்கியது.

உள்ளே இருந்தவள் அழவில்லை. கெஞ்சவில்லை. தலையை உயர்த்தி ராணியைப் பார்த்துக் கேட்டாள்.

"அவளை உள்ள விட்டா, நான் எங்கம்மா போறது?"

சாவி திரும்பியது. கதவு திறந்தது.

அவர் தோளில் கிடந்தது. இளைத்துக் கறுத்த முகம். காய்ந்து வெடித்த உதடு. முழங்கால் தெரியுமளவு குட்டையாகிப் போயிருந்த பழைய கவுன். அது தலையைத் தூக்கி ராணியைப் பார்த்தது. கோபமாகப் பார்த்தது. விட்டுவிட்டுப் போனவளைப் பார்க்கிற பார்வை.

பெற்றவளுக்குத் தெரியாதா?

தெரிந்துவிட்டது. அந்தக் கணமே தெரிந்துவிட்டது. தோளில் கிடந்ததுதான் அவள் பிள்ளை.

கணவர் ராணியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் நின்றதைப் பார்த்தார். தோளில் கிடந்தவளை இறுக்கிக்கொண்டு ஒரு படி பின்வாங்கினார்.

ராணி திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. இத்தனை நாள் தலை வாரிவிட்டாள். ஊட்டிவிட்டாள். பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள்.

அவள் கையைப் பிடித்திருந்த கை இறுகியது. இன்னும் இறுகியது. விரல் எலும்புகள் ஒன்றோடொன்று நெரிந்தன. கீழேயிருந்து, ராணியின் குரலிலேயே, ராணி பேசுவது போலவே அது சொன்னது:

"நாளைக்கு வரேன்னு சொல்லி அனுப்பிடலாம்மா."