வலது குழல்

காலை பதினொரு மணிக்கு, வலது குழலுக்குள் மட்டும் சாயங்காலமாக இருந்தது.

மெல்வின் கண்ணை எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். அவனுடைய பேண்டேஜ் கம்பெனியின் காயப்போடும் களத்தில் வெயில் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. வெளுத்த காஸ் துணி வரிசை வரிசையாகக் கயிற்றில் தொங்கி, காற்று வந்தபோதெல்லாம் ஒரே மூச்சாக உப்பி ஒரே மூச்சாக அடங்கியது. பிளீச்சிங் பவுடரின் நெடி மூக்கின் உட்புறத்தைச் சுரண்டியது. மதிலுக்கு அப்பால் ஒரு டவுன் பஸ் ஹாரனில் வைத்த கையை எடுக்காமலே கடந்து போனது. இராஜபாளையத்தில் எந்தத் திசையிலும் சாயங்காலம் வந்திருக்கவில்லை.

மறுபடி கண்ணை வைத்தான். துப்பாக்கியின் இரட்டைக் குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, பின்பக்கத் துளை வழியாக வெள்ளைத் துணியைப் பார்த்தால், குழல் வீங்கிய இடத்தில் ஒரு நிழல் வளையம் விழும். சேதம் எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். இடது குழலில் வட்டமாக வெள்ளைத் துணி தெரிந்தது. வலது குழலில், முப்பது அங்குலத்துக்கு அந்தப் பக்கம், அணையப்போகிற வெளிச்சத்தில் ஒரு நிலக்கடலைத் தோட்டம் தெரிந்தது. தோட்டத்தின் கடைசியில் நாலு தென்னை. தென்னைக்கு அடியில் கறுப்பாக ஏதோ படுத்திருந்தது.

நாலில் ஒரு தென்னை இடி விழுந்து மொட்டையாக நின்றது. தேவதானத்தில் மெல்வினுக்குச் சொந்தமான தோட்டத்திலும் அப்படி ஒன்று நிற்கிறது.

போன வாரம் வெள்ளிக்கிழமை, பொழுது அடைகிற நேரத்தில், அந்தத் தென்னைக்கு அடியில்தான் அவன் சுட்டான். பன்றியை விரட்டத்தான் லைசென்ஸ், சுடுவதற்கு இல்லை என்று அதைக் கொடுத்த அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். பன்றிகளிடம் யாரும் சொல்லவில்லை. வெடித்த வேகத்தில் வலது குழல் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரை விழுங்கிய பாம்பைப் போல வீங்கிவிட்டது. கடலைச் செடிக்குள் கறுப்பாக நின்றது சாய்ந்தது. சாயும்போது பன்றியின் அலறல் கேட்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமியது போல ஒரு சத்தம் மட்டும். டார்ச் அடித்துப் போய்ப் பார்த்தான். செடி அமுங்கிக் கிடந்தது. ரத்தம் இல்லை, முடி இல்லை, ஒன்றும் இல்லை.

மறுநாள் ஊருக்குள் சுற்றி வளைத்து விசாரித்தான். தேவதானத்தில் ஆள் யாரும் குறையவில்லை. தேர்தலுக்கு மட்டும் வந்துபோகிறவர்கள்கூட அன்றைக்கு ஊரில் இருந்தார்கள்.

குழலுக்குள் அழுக்கு இருக்கிறது என்று மெல்வின் இப்போது முடிவுசெய்தான். காஸ் துணியைக் கிழித்துக் கம்பி நுனியில் சுற்றி இடது குழலுக்குள் விட்டு இழுத்தான். கறுப்பு மசகோடு வந்தது. இன்னொரு துண்டைச் சுற்றி வலது குழலுக்குள் விட்டான். கம்பி திரும்பி வந்தது. துணி வரவில்லை. அந்தப் பக்கம் வெளியிலும் விழவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தான். தென்னைக்கு அடியில் படுத்திருந்த கறுப்பின் விலாப்பக்கத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி.

பேக்கிங் ஷெட்டிலிருந்து அவன் மனைவி ஷெரின் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் எம்புட்டு நேரம் அந்தக் குழாயையே மோந்துக்கிட்டு இருப்பீங்க? இருபதாந்தேதி லைசென்ஸ் புதுப்பிக்கணும். வித்துத் தொலைங்க. இல்லன்னா ஸ்டேஷன்ல கொடுத்து அழிக்கச் சொல்லுங்க."

"ரிப்பேர் பாக்கப் போறேன்."

"எதுக்கு?"

"நீ வேண்டாங்கிறேல்ல, அதுக்குத்தான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் இருளப்பசாமி அதிகம் பேசமாட்டார் என்று பெயர் எடுத்தவர். பக்கத்துக் கடையில் பால் சுண்டுகிற வாசனை அவருடைய மண்ணெண்ணெய் வாசனையோடு சேர்ந்து ஒரு தினுசாகக் கிடந்தது. இடது குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். வலது குழலில் கண்ணை வைத்தார்.

மின்விசிறி டக் டக்கென்று முப்பது நாற்பது சுற்று சுற்றியிருக்கும். அவர் மூச்சு விடுகிற சத்தம் நின்றிருப்பதை மெல்வின் தாமதமாகத்தான் கவனித்தான். அப்புறம் அவர், விளிம்பு வரை நிறைந்த எண்ணெய்ப் பாத்திரத்தை இறக்குவதுபோல, குழலை மேசைமேல் இறக்கினார்.

"தம்பி, நீங்க பாக்கும்போது இது படுத்திருந்துச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

எது என்று தான் கேட்கவில்லை என்பது, சொல்லி முடித்த பிறகுதான் மெல்வினுக்கு உறைத்தது.

"இப்ப உக்காந்திருக்கு" என்றார் இருளப்பசாமி. "நான் பாத்துக்கிட்டு இருந்த மட்டுக்கும் அசையல. கண்ணு சிமிட்டிட்டேன். தொறக்கேன், உக்காந்திருக்கு."

"சரி பண்ணிரலாமா?"

"வீக்கத்தத் தட்டி எடுத்திருவேன். உள்ள இருக்கத எதக் கொண்டு தட்ட?"

"அப்ப அறுத்துப் போட்ருவோம்."

"ஒரு குழாய அறுத்தா ரெண்டு குழாய் தம்பி. வாசல்தான் கூடும்."

"அடைச்சிட்டா?"

"அடைச்ச பொறவு அது எங்க நிக்கின்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கூலி வாங்க மறுத்துவிட்டார். குழலைப் பழைய செய்தித்தாளில் சுற்றியவர், அதற்கப்புறம் அதைக் கை படாமல் மேசை ஓரத்துக்கு ஒரு ஸ்பேனரால் நகர்த்தினார்.

அன்று இரவு எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குழலை வைத்திருந்த பீரோவுக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மெல்வின் இட்லியைப் பிய்த்தபடியே இருந்தான். ஷெரின் சட்னிக் கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குச் சளியா?"

"ஆமா" என்றான். நம்பும்படியாக இரண்டு முறை இருமியும் காட்டினான். மேலேயிருந்து மூன்றாவது இருமல் வந்தது. அதை அவன் இருமவில்லை. ஷெரின் அதைக் கவனிக்காதவள் போல எழுந்து போய்க் கை கழுவினாள், நெடுநேரம் கழுவினாள்.

படுக்கும் முன் மெல்வின் பிளவக்கலில் இருக்கும் வேல்பாண்டிக்குப் போன் போட்டான். கல்லூரியில் கூடப் படித்தவன். அணைக்குப் பக்கத்தில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். யானைத்தந்தம் தவிர மற்ற எல்லாவற்றையும் சுவரில் மாட்டி வைப்பவன். துப்பாக்கி வேண்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் வேண்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து இவர்கள் வீட்டுக்கு வருவதற்குள் வேல்பாண்டி வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். இருவரும் களத்துக்குப் போனார்கள். விடுமுறை நாள். துணி மட்டும் தொங்கியது.

"சுடுமால இது?"

"சுடாது. வலது குழல் வீங்கிருச்சு."

"சுடாட்டி என்ன, ஹால்ல மாட்டத்தான மாப்ள. லைசென்ஸ் மாத்துற வேலையெல்லாம் நம்ம கூட்டாளி ஒருத்தன் பாத்துக்கிடுவான். வீட்ல கல்பனாட்ட எடங்கூடச் சொல்லிட்டேன். தொட்டிலுக்கு நேர் மேல. பய பொறந்து முப்பது நாளுதான் ஆகுது, இப்பமே ஒரு கெத்து வேணும்ல."

சொல்லிக்கொண்டே குழலைத் தூக்கி ஒரு கண்ணை மூடினான். மெல்வின் அதைப் பிடுங்கினான். பிடுங்கிய கையோடு தானே கண்ணை வைத்தான்.

அது நின்றுகொண்டிருந்தது.

தென்னைகள் அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தன. பாதித் தோட்டத்தைக் கடந்திருந்தது. பன்றிக்குரிய தோளும் பன்றிக்குரிய பிடரிமயிரும் கொண்டு, இரண்டு காலில். பன்றி இரண்டு காலில் நிற்காது என்பதில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. விலாவில் வெள்ளையாக இருந்தது அவனுடைய கம்பெனித் துணி. அதைக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்திருந்தது. அழுத்திப் பிடிக்க அதற்கு விரல்கள் இருந்தன.

கண் எரிந்தது. சிமிட்டினான். ஒரு அடி கிட்டே வந்திருந்தது.

"கொடுக்க மாட்டேன்" என்றான் மெல்வின்.

"ஏலே, நேத்து நீதானல போன் போட்டு வாங்கிக்கோன்ன?"

"இன்னைக்கு வேண்டாங்கேன்."

"பெரிய பீரங்கி. பொடச்ச குழாய்க்கு இம்புட்டு ராங்கி." வேல்பாண்டி பைக்கை உதைத்தான். "ஒனக்குக் கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குல. மொதல்ல அதப் போயி ஆஸ்பத்திரில காட்டு."

பைக் சத்தம் தேய்ந்து மறைந்ததும் ஷெரின் வந்து நின்றாள். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ரிப்பேரும் ஆவாது. விக்கவும் மாட்டீங்க. அழிக்கவும் மாட்டீங்க. பொறவு என்னதான் செய்யப் போறீங்க?"

"வச்சிக்கிடப் போறேன்."

"அத வீட்ல வச்சிக்கிட்டா நான் எப்பிடி இருக்க? நேத்து இருமுனது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"சுட்டது நாந்தான ஷெரின்."

அவளிடம் மிச்சத்தைச் சொல்லவில்லை. யாரும் பார்க்காத நேரமெல்லாம் அது நடந்து வருகிறது. விற்றால், பிளவக்கலில் ஒரு தொட்டிலுக்கு நேர் மேலே வந்து சேரும். ஸ்டேஷனில் போட்டால், பழைய சைக்கிள்களுக்கு நடுவே, தனியாகப் பாரா இருக்கும் ஏட்டின் முதுகுக்குப் பின்னால். கிணற்றில் போட்டால், தண்ணீர் இறைக்கிறவர்களிடம். எங்கே போனாலும் வருகிற பாதை ஒன்றுதான். பாதையின் இந்த முனையில் யாராவது ஒருவன் உட்கார்ந்தாக வேண்டும். இன்னொருத்தன் தலையில் கட்டிவிட்டுத் தான் கும்பிடு போட்டு ஒதுங்குவது மெல்வினுக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிட எரிச்சல் கொஞ்சம் அதிகமாக இருந்தது. தன் தோட்டத்துக் கடலையைத் தின்றுவிட்டு, தன் துணியையும் எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக்கே ஒன்று வருகிறது. வரட்டும் என்று நினைத்தான்.

திங்கட்கிழமை மதியம் வேலைக்காரப் பெண்கள் சாப்பிடப் போனதும், களத்தின் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டான். கயிறு கட்டிய மூங்கில் கவையில் குழலின் நுனியைத் தாங்க வைத்தான். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டுமருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டான். நல்ல வெயில். நாலு பக்கமும் வெள்ளை. உப்புகிறது, அடங்குகிறது, உப்புகிறது. துணியெல்லாம் சேர்ந்து மூச்சு விடுகிற களத்தில் அவன் ஒருவன் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு வலது கண்ணைத் துளையில் வைத்தான்.

தோட்டம் இல்லை.

தென்னை இல்லை. வெளிச்சமும் இல்லை. வட்டம் முழுக்கக் கறுப்பு.

குழல் அடைத்துவிட்டதோ என்று ஒரு கணம் நிம்மதி வந்தது. அப்போது கறுப்பு அசைந்தது. அசைந்த இடத்தில் ஈரமாக ஒரு மினுக்கம். மினுக்கத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு விளிம்பு.

அந்த முனையில் அது கண்ணை வைத்திருந்தது.

இடது கண்ணைத் திறந்தான். குழலின் நுனிக்கு முன்னால் களம்தான். வெயில்தான். காஸ் துணிதான். யாரும் குனிந்து நிற்கவில்லை. இடது கண்ணை மூடினான். வலது கண்ணில் அது இருந்தது. பார்த்துக்கொண்டு இருந்தது.

பச்சைக் கடலையின் வாசம் வந்தது. கிளறிய மண்ணின் வாசம். அதற்கு அடியில், புண்ணைக் கட்டி நாள் கணக்காக அவிழ்க்காத துணியின் வாசம்.

"ஏலே" என்றான் மெல்வின். குரல் நடுங்கியது. இன்னொரு முறை, நடுங்காமல் சொன்னான். "ஏலே. நீ எடு மொதல்ல."

அது எடுக்கவில்லை.

கண் எரிந்தது. நீர் கட்டியது. வழிந்தது. சொட்டுமருந்து கால்சட்டைப் பையில் இருந்தது. கையை எடுத்தால் குழல் அசையும்.

அசைக்கவில்லை.

பின்னால் ஷெட்டின் கதவு திறந்தது.

"என்னங்க, சாப்பிட வாங்க."

"வாரேன்."

"சோறு ஆறுது."

"வாரேன்னு சொல்றேன்ல. கிட்ட வராத."

செருப்புச் சத்தம். நின்றது. மறுபடியும் செருப்புச் சத்தம். கிட்டே. இன்னும் கிட்டே.

"வராத ஷெரின்."

கண்ணின் வெள்ளை காய்ந்தது. இமை தானாக நடுங்கியது. பல்லைக் கடித்தான். அவன் கொடுக்கப்போவதில்லை. இமையைக்கூடக் கொடுக்கப்போவதில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. கறுப்புக்குள் அந்த மினுக்கம் பெரிதானது. மஞ்சள் விளிம்பு வட்டத்துக்கு வெளியே போனது. நான்கு. அவன் சிமிட்டவில்லை. ஐந்து.

முதலில் சிமிட்டியது அதுதான்.

சிமிட்டியபோது, அதன் இமைமயிர் அவன் இமைமயிரில் உரசியது.