தேடல்மானி

எஃப், ஜி, ஆர் என்று மூன்று எழுத்துகள் திரையில் எழுந்தன. மூன்றாவது எழுத்து முழுதாகத் தெளிவதற்குள் கோகிலவாணி பதில் சொல்லிவிட்டாள்.

"ரெஃப்ரிஜிரேட்டர்."

சிவப்பு விளக்கு எரிந்தது. 'இயந்திரம்' என்று தீர்ப்பு வந்தது.

"சரியாத்தானுங்களே சொன்னேன்? மூணு எழுத்தும் இருக்குதுங்க அதுல."

"சரியாத்தான் இருக்கும்மா," என்றார் டாக்டர் ரெஜினா. "அதுதான் பிரச்சினை."

உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், அவள் கணவர் சென்னியப்பன் படுத்திருந்தார். காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டி. அறுவைப்பொறி அதை ஊசித்துளை வழியாக உறிஞ்சி எடுத்துவிடும். ஆனால் நெருங்கிய உறவினரின் சம்மதம் இல்லாமல் அது விழிக்காது. அந்தச் சம்மதம் ஒரு மனிதர் கொடுத்ததுதான் என்று தேடல்மானி சான்று தரவேண்டும்.

குரல்நகல்கள் பெருகிய காலத்தில் வந்த ஏற்பாடு இது. யாருடைய குரலையும் முகத்தையும் இயந்திரம் உருவாக்கிவிடும் என்றானபின், பெற்ற பிள்ளையின் குரலையே நம்ப முடியாமல் போயிற்று. அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சில எழுத்துகளைக் கொடுத்து, அவை அடங்கிய நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றைக் கேட்டால், மனித மனம் தாறுமாறாக அலைகிறது. தப்பான சொல்லைப் பாதிவரை சொல்லி விழுங்குகிறது; கண் கூரைக்குப் போகிறது; மூச்சு நின்று பிறகு வருகிறது. இயந்திரம் நேராகப் போய் எடுத்துவிடுகிறது. அந்த அலைச்சலை அளப்பதுதான் தேடல்மானி. கண்டுபிடித்த நாட்டின் மொழி ஆங்கிலம். ஆகவே இராசிபுரத்திலும் ஆங்கிலம்.

சொல் கிடைக்க வேண்டும் என்பதே இல்லை. விளக்கக் குறிப்பில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் இராசிபுரத்தில் யாரும் அதை நம்பவில்லை. கேள்வி என்று இருந்தால் விடை இருக்கும். விடை இருந்தால் மதிப்பெண் இருக்கும். மதிப்பெண் இருந்தால் அதற்கு ஒரு டியூஷன் இருக்கும். அந்த டியூஷனை நடத்தியவள் கோகிலவாணிதான். எந்த எழுத்துக்கூட்டத்துக்கு எந்தச் சொல் என்று பாதி ஊருக்கு மனப்பாடம் செய்வித்திருந்தாள். ரேஷன் கடையிலும் பேருந்து நிலையத்திலும் இருக்கும் தேடல்மானிகள் தளர்வானவை. எதைச் சொன்னாலும் பச்சை காட்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில்தான் அதைக் கடுமையாக வைத்திருந்தார்கள்.

"நான் மனுஷிதானுங்க டாக்டர். உங்க முன்னாடிதானுங்களே நிக்கறேன்!"

"எனக்குத் தெரியுதும்மா. அதுக்குத் தெரியணுமே. இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு. அதுவும் போச்சுன்னா நாளைக்குத்தான் திறக்கும். நாளை வரைக்கும் அவர் தாங்க மாட்டார்."

"நீங்க கையாலயே பண்ணக் கூடாதுங்களா?"

"கையால பண்ணக் கத்துக்கிட்டவங்க யாரும் இங்க இல்லம்மா." ரெஜினா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

நிதானமாக யோசிப்பதற்கும் டியூஷனில் ஒரு பாடம் இருந்தது. கோகிலவாணி கண்ணைக் கூரைக்கு உயர்த்தினாள். ஒய், எச், எஸ், ஆர். எழுத்துகளைப் பார்த்த கணமே சொல் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து வைத்தாள். "ம்ம்... வந்து... ஹார்ஸா? இல்ல... பிசியோதெரபிஸ்ட்."

சிவப்பு. 'பயின்ற தயக்கம். இயந்திரம்.'

"டீச்சர், ரெண்டாம் பாடம் இங்க எடுபடாதுங்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பொன்னரசு. அவளிடம் படித்தவன், பக்கத்து அறையில் அவன் அம்மா குடல் முறுக்கிக் கிடந்தாள். "எனக்கும் ரெண்டு போயிருச்சுங். அதே 'ம்ம் வந்து'தான் நானும் சொன்னேன். ஊரே ஒரே மாதிரி முக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சாட்டம் இருக்குது."

தெரியாததை எங்கே போய்த் தேடுவது? இருபத்தாறு எழுத்தில் எதைப் பிடித்தாலும் ஒரு சொல் தயாராக நின்றது.

கதவு திறந்தது. அறுவை அறைக்குக் கொண்டுபோகக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சென்னியப்பனின் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவரது உதடு அசைந்தது. "கோ..." என்றார். நின்றார். "கோ..." கண்கள் அவள் முகமெங்கும் ஓடின, நெற்றியில், மூக்குத்தியில், புடவைக் கரையில். எங்கோ வைத்துவிட்ட ஒரு பொருளை வீடெல்லாம் தேடுகிறவரைப் போலத் தேடினார். அவள் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை.

"அம்மா, நேரமில்லை," என்றார் ரெஜினா.

எச், எல், எஸ்.

கோகிலவாணி எழுத்துகளைப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. அவளுக்கு நேர் எதிரே சுவரில், கதவில், கட்டில் விரிப்பில் எல்லாம் 'ஹாஸ்பிடல்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. மூன்று எழுத்தும் அதில் இருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஹெல்ப்... அதுல எஸ் இல்ல. ஷெல்... சொல்... அய்யோ, சொல்லு... சோறு... காத்தால சோறு திங்கவே இல்லீங்களே அவரு. வந்து திங்கறேன்னாருங்க. நானும் போங்கன்னு வுட்டுட்டேன்..."

பச்சை விளக்கு எரிந்தது. 'மனிதர்.'

அறுவைப்பொறி உறுமி விழித்தது. கட்டில் உள்ளே போயிற்று. "உயிரக் காப்பாத்திடலாம்மா. பேச்சு எவ்வளவு திரும்பும்னு மட்டும் இப்ப சொல்ல முடியாது," என்று சொல்லிக்கொண்டே ரெஜினாவும் போய்விட்டார். கோகிலவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொன்னரசு ஓடி வந்தான். கையில் போனைப் பதிவுக்கு வைத்திருந்தான்.

"டீச்சர், எப்படிங் டீச்சர் பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலடா அரசு."

"அப்படிச் சொல்லாதீங் டீச்சர். எனக்கு ஒரே ஒரு வாய்ப்புதானுங் இருக்குது. சாப்பாட்டப் பத்திப் பேசோணுமா? அழுகோணுமா? எதை மொதல்ல செய்யோணும்னு மட்டும் சொல்லுங், அப்படியே செஞ்சர்றேன்."

"மொதல்ல..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். அவன் போனை இன்னும் அருகில் நீட்டினான். அடுத்த வார்த்தையைச் சொன்னால் அது பாடமாகிவிடும். பாடமானால் அவனுக்கு உதவாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதையும் நெனைக்காத. நான் சொல்லிக் குடுத்த எதையும் நெனைக்காத, சாமி. அம்மாவப் பாரு. அம்மாவ மட்டும் பாரு."

"சரிங் டீச்சர். அம்மாவப் பாக்கோணும். சரிங்."

அவன் தேடல்மானியின் முன்னால் போய் நின்றான். தலையைத் திருப்பிப் பக்கத்து அறைக் கதவு வழியே அம்மாவைப் பார்த்தான். அவன் கண் நிறைந்தது. எதிரே நிற்பவர் திரையைப் பார்க்காவிட்டால் தேடல்மானி எழுத்துகளைப் படித்துக் காட்டும். "வி, என், எம்," என்றது அது.

"என்விரான்மென்ட்," என்றான் பொன்னரசு, அவள் பழக்கிய உச்சரிப்பில், கடைசி ஒலியைக்கூட விழுங்காமல். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான்.