குக்கர் கூவாத மத்தியானம்

குக்கரிலிருந்து ஆவி வந்தது, விசில் வரவில்லை.

வெயிட் எழும்பி எழும்பி ஆடியது. அடுக்களைச் சுவரெல்லாம் வியர்த்து, பருப்பு வெந்த வாசனை கூடம்வரை வந்துவிட்டது. காதைப் பிளக்கும் அந்தச் சத்தம் மட்டும் இல்லை. 'வெயிட் கெட்டுப்போயிருக்கும், சனியன்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஸ்யாமளா அடுப்பை அணைத்தாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பொழுதில்லை. இன்றைக்குச் சின்னத்தாய் வருவாள். பூட்டை உடைப்பாள்.

கோச்சடையில் வைகைக்கரையை ஒட்டிய அந்த வாடகை வீட்டின் வாசலில் ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கியது. சாவி அவள் புருஷன் ராஜாராமனின் பூணூலில். கட்டிய பெண்டாட்டி தன்னைக் கேட்காமல் ரேடியோவுக்கு எழுதிப் போட்டுவிட்டாளாம். அவர்களும் பாடிக் காட்ட வரச் சொல்லிவிட்டார்களாம். அவ்வளவுதான் குற்றம். "ஊரே கேக்கறதுக்கு நீ என்ன கச்சேரிக்காரியா? பேசாம ஆத்துல இரு" என்று அன்றைக்குப் பூட்டியவன், பிறகு ஆபீஸ் போகும்போதெல்லாம் பூட்டினான். ஜன்னல்களுக்கு ஆணி அடித்தான். இப்போது ஆபீஸ் காரியமாக வெளியூர் போயிருக்கிறான், சாவியும் கூடவே போயிருக்கிறது. அவன் திரும்புவதற்குள் ஆரப்பாளையம் போய் பஸ் ஏறிவிட வேண்டும். பை தயாராக இருந்தது.

இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்த ஆத்திரத்தை அவள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்? வீட்டில் இரண்டு டேப் ரிக்கார்டர்கள் இருந்தன. ஒன்று மச்சினர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. மற்றது பாட்டுப் பழகப் பிறந்த வீட்டில் வாங்கிக் கொடுத்தது. ஒன்றில் குக்கர் விசிலைப் பதிந்தாள். அதை ஓடவிட்டு, கூடவே வளையலைக் குலுக்கி, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிந்தாள். அப்புறம் அதை ஓடவிட்டுக் குழாய் சொட்டுவதைப் பதிந்தாள், டம்ளர் உருளுவதை, உள்ளேயிருந்து கதவைக் குத்துவதை. சத்தத்தின் மேல் சத்தமாக ஏறி, எந்த ராகத்துக்கும் அடங்காத ஒரு பாட்டு அந்தக் கேசட்டில் வளர்ந்தது. உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

ஒருநாள் பதிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தாய் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டாள். அவன் வருகிற நேரம். ஸ்யாமளா பயந்துபோய், "வேலையா இருக்கேன் அக்கா, அப்புறமா வாங்கோ" என்று அனுப்பிவிட்டாள். அதுவும் கேசட்டில் விழுந்தது. தாளத்தோடு பொருந்தித்தான் இருந்தது, அழிக்க மனசு வரவில்லை.

நேற்று சின்னத்தாய் மறுபடி வந்தபோதுதான், ஸ்யாமளா கதவில் வாயை வைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"அழுவாத தாயி. நாளைக்கு எந்தம்பி சங்கிலியக் கடப்பாரையோட கூட்டிக்கிட்டு வாரேன். ஆனா அடுத்தவுக வீட்டுப் பூட்டு பாரு. உள்ளேருந்து நீ ஒடைங்கன்னு ஒரு வார்த்த சொல்லிப்பிடணும்."

பாட்டுக்கு ஒரு சத்தம் பாக்கியிருந்தது. இன்று காலை, எழுந்ததும் காலி வெந்நீர் அண்டாவுக்குள் தலையை விட்டு, மனசில் கிடந்ததெல்லாம் வெளியே வரும்படி வீறிட்டாள். பதிந்து முடித்து, ரிக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் உலை வைத்தாள். அப்போதிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. யாரோடு பேசுவதாம்?

பையை எடுக்கக் கை நீட்டினாள். கண்ணாடி வளையல்கள் சரிந்து ஒன்றோடொன்று மோதின.

சத்தமில்லை.

கையை உதறினாள். மறுபடி உதறினாள். ஒரு வளையல் உடைந்து தரையில் விழுந்தது. அதுவும் ஊமையாக விழுந்தது. குழாயைப் பார்த்தாள், சொட்டு வாளிக்குள் விழுந்து வட்டம் வட்டமாக விரிந்தது, டொக்கென்ற ஒலி இல்லாமல். டம்ளரைத் தள்ளிவிட்டாள். உருண்டது. மூலைவரை உருண்டு நின்றது. வெளியே காக்கை கத்தியது கேட்டது. பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது கேட்டது. ஐயோ, காது கேட்கிறதே.

அவள் பதிந்த சத்தங்களை மட்டும் காணோம்.

'அம்மா' என்றாள். காற்று வந்தது. வெறும் காற்று.

"ஏம்மா, வந்துட்டோம்ல!" வாசலில் சின்னத்தாய். "சங்கிலி நிக்கிறான். ஒடைக்கவா?"

ஓடினாள். இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள். கை வலித்தது; கதவு தலையணை மாதிரி வாங்கிக்கொண்டது. ஆணி அடித்த ஜன்னல். விரல் நுழையாத நிலைப்படி இடுக்கு. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். உடைங்கோ. உடைங்கோ அக்கா. ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா சத்தத்தையே காணோம்?"

முதுகுக்குப் பின்னால் 'டக்'.

ரிக்கார்டரின் பொத்தான் தானாக அமுங்கியிருந்தது. பிளக் தரையில்தான் கிடந்தது. சக்கரம் சுற்றியது. வளையல் குலுங்கியது. குக்கர் கூவியது. பிறகு அவள் குரல், பதவிசாக, தெளிவாக:

"வேலையா இருக்கேன் அக்கா, அப்புறமா வாங்கோ."

வெளியே கடப்பாரை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

"அடி ஆத்தி! நேத்து அம்புட்டு அழுக அழுதுட்டு இப்ப சோறு பொங்கிட்டிருக்கா. புருசன் பொண்டாட்டி சங்கதி, நமக்கெதுக்கு? வாடா, போவோம்."

ரிக்கார்டரிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவள் குரல்தான். அந்தச் சிரிப்பை அவள் பதியவே இல்லை.

கடப்பாரையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் ஓசை தேய்ந்தது. ஸ்யாமளா குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். பின்னால் வளையல் சத்தம் ரிக்கார்டரை விட்டு இறங்கியது. கூடத்தைத் தாண்டி, நிதானமாக அடுக்களைக்குள் நடந்தது. அங்கே குழாய் சொட்டியது. ஒரு டம்ளர் உருண்டது. உருண்ட டம்ளரை யாரோ எடுத்து வைத்தார்கள்.

பிறகு அடுக்களைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது.

"வாசக்கதவண்டை யாரு?"

வளையல் சத்தம் கூடத்துக்குத் திரும்பி வந்தது.