முப்பத்தொன்பது நிமிடம் நிற்கும் கடிகாரம்

காலை ஐந்து இருபத்திரண்டுக்குச் செவ்வாயின் நான்காம் குடியிருப்பில் மூவாயிரம் பேரும் ஒரே நொடியில் கொட்டாவி விட்டார்கள். கொட்டாவிக்கு ஒதுக்கிய நேரம் அது. எப்போது எழுவது, எப்போது பேச்சை முடிப்பது என்று எல்லாவற்றையும் காதுக்குப் பின்னால் பதித்திருந்த நேரநரம்பு உள்ளுக்குள் சொல்லிவிடும். மணி என்ன என்று அங்கே ஒருவரை ஒருவர் கேட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது.

அஞ்சுகத்துக்கு மட்டும் அன்று கொட்டாவி வரவில்லை. சரக்குக்கூடத்தில் அவளுக்கு ஒரு பொட்டலம் காத்திருந்தது. பூமியிலிருந்து ஆளுக்கு ஆண்டுக்கு இருபது கிராம் வரவழைக்கலாம். மற்றவர்கள் ஏலக்காய் கேட்பார்கள். நீர்ச்சுத்தி நிலையத்தில் வேலை பார்த்த அஞ்சுகம், படத்தில் பார்த்து மயங்கிப்போய், இருநூறு வருடப் பழமையான பெண்கள் கைக்கடிகாரம் ஒன்றைக் கேட்டிருந்தாள்.

சரக்கு அதிகாரி மரியசெல்வம் பிரித்துப் பார்த்தார். புளியங்கொட்டை அளவுத் தங்க முகம். கண்ணருகே கொண்டுபோனால்தான் முள் தெரிந்தது.

“இது மணி காட்டுமாம்மா? நேரநரம்பைத் தவிர வேற எதுவும் காட்டக் கூடாது. சட்டம்.”

அஞ்சுகம் அவசரமாகக் குறுக்கிட்டாள். “பூமி மணிதான் சார் காட்டும். நம்ம நாள் அதைவிட முப்பத்தொன்பது நிமிஷம் நீளம். இங்க தினமும் தப்பாத்தான் ஓடும்.”

“தினமுமா?”

“ஒரு நாள் தவறாம.”

“அப்ப நகைதான்” என்று முத்திரை குத்தியவர், கொடுக்க மனமில்லாமல் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

தினமும் காலையில் அஞ்சுகம் நகநுனியால் அதன் பக்கத்திலிருந்த சின்னத் திருகைத் திருகிச் சாவி கொடுத்தாள். தான் தொடாவிட்டால் நின்றுபோகும் பொருள் ஒன்று அதுவரை அவளிடம் இருந்ததில்லை. மாலை ஐந்துக்குத் திருகை இழுத்து, எதிர்த்திசையில் லேசாகத் திருப்பி அழுத்திப் பிடித்தால் முள் நிற்கும். முந்தி ஓடிவிட்ட அதைச் செவ்வாய் நேரம் எட்டிப் பிடிக்கும்வரை முப்பத்தொன்பது நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். வேறு எதுவும் செய்ய முடியாது.

கூட வேலை செய்யும் சுலைகா, “என்னடி பண்ற?” என்றாள்.

“கடிகாரம் நிக்குது. அதுகூட நானும் நிக்கிறேன்.”

“கை வலிக்கும். கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன், கொடு.”

ஒரு மாதத்தில் நாற்பது பேர் கூடினார்கள். கடிகாரம் கைமாறிக்கொண்டே இருந்தது. யாரோ பாடினார்கள். மரியசெல்வம் ஏலக்காய்த் தேநீரோடு வந்தார். நேரநரம்புகள் காதுக்குள் சிணுங்கியதை யாரும் சட்டை செய்யவில்லை.

அந்த நாற்பது பேருக்கும் இப்போதெல்லாம் தூக்க மாத்திரை தேவைப்படவில்லை என்று மருத்துவக் கணினி நிர்வாகக் குழுவுக்குச் சொன்னது. குழு பூரித்துப் போனது. மாலை ஐந்து மணி முதல் ஐந்து முப்பத்தொன்பது வரை எல்லோரும் கட்டாயம் சும்மா இருக்க வேண்டும் என்று நேரநரம்பில் ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் அதற்கு மதிப்பெண் வந்தது. பிறகு தரவரிசை வந்தது. முன்னேற விரும்பியவர்கள் காலையிலேயே பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். அஞ்சுகம் சும்மா இருத்தல் துறையின் தலைவியானாள்.

ஒரு நாள் ஐந்து மணிக்குச் சுலைகா அவள் அறைக்கு வந்தாள். “வாடி, உட்காரலாம்.”

“இப்ப முடியாது. சும்மா இருக்கறத எப்படி இருபதே நிமிஷத்துல முடிக்கறதுன்னு பன்னிரண்டு யோசனை வந்திருக்கு. படிச்சாகணும்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அஞ்சுகத்தின் காதிலேயே விழுந்தது. சுலைகாவைப் பார்த்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் சிரித்ததற்காக நேரநரம்பு ஆளுக்கு ஐந்து மதிப்பெண் குறைத்தது.