நகர்ந்துபோன ஒன்பதாம் கொடி

"சனிக்கிழமைக்கிடையிலை வளவை விட்டு எழும்பவேணுமாம், சார்ஜன் ஐயா. பிள்ளையளோடை நான் எங்கை போறது?"

புனிதம் கதிரையில் உட்காரவில்லை. ஆறு மைல் வெயிலில் நடந்து கிளிநொச்சிக்கு வந்தவள். பொலிஸ் சேவையிலிருந்து இளைப்பாறிய சார்ஜன் வீரகத்தி, தன் சைக்கிள் கடையில் ஒரு சில்லைச் சுழற்றி அதன் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வாங்கில் தவராசா காலை ஆட்டியபடி இருந்தான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் அளவைச் சங்கிலி பிடிப்பவன் அவன். ஒரு வருடமாக லீவு நாட்களை இந்தக் கடையிலேயே கழிக்கிறான்.

"என்ன குற்றமாம்?" என்றார் வீரகத்தி.

"பந்தடி வெளியிலை ஒன்பதாம் குழியின்ரை கொடியை என்ரை மனிசன் நகர்த்தினவராம்."

பந்தடி வெளியைத் தவராசா அறிவான். மலாயாவில் ரயில் பாதை மேற்பார்வையாளராக இருந்து திரும்பிய ஏரம்பர், மனைவி மக்களோடு காட்டை வெட்டி உண்டாக்கிய கோல்ஃப் திடல். ஐந்து வருடம் பிடித்தது. கூட நின்று வெட்டிய பன்னிரண்டு குடும்பங்களுக்கும் சுற்றிவரக் குடியிருப்பு வளவு கொடுத்தார். காணி உறுதியும் இல்லை, வரைபடமும் இல்லை. எல்லாம் அவர் காலடி எட்டி வைக்கும் கவடு அளவுதான். முப்பது வருடம் தண்டவாளக் கட்டைகளில் எட்டி வைத்த கால். 'சங்கிலி துருப்பிடிக்கும், என்ரை கால் துருப்பிடியாது' என்பார்.

"ஏரம்பர் ஐயா விடிய தன்ரை முற்றத்து வெள்ளைக் கல்லிலை நிண்டு நடக்கத் தொடங்குவார். ஒன்பதாம் கொடிக்குச் சரியா முந்நூறு கவடு. இப்ப பத்து நாளா முந்நூற்றொண்டு, மூண்டு, இண்டைக்கு ஐஞ்சு. கொடி எங்கடை வேலிப் பக்கம் வருதாம். பந்து எங்கடை வளவுக்குள்ளை விழுந்தால் எடுத்து விக்கலாமாம். கடற்கரையாலை வந்தவனை நம்பினது பிழையாம்."

"பத்து நாளைக்கு முந்தி அங்கை வேறை என்ன நடந்தது?"

"ஒண்டும் இல்லை. ஐயான்ரை மனிசி பத்மாசனியம்மா மகளின்ரை பிள்ளைப்பேறுக்குச் சாவகச்சேரிக்குப் போனவா. அவா நிண்டிருந்தால் மனுசனை அடக்கியிருப்பா."

வீரகத்தி சில்லை நிறுத்தினார். "தவராசா, சங்கிலியை எடு."

சோளகக் காற்று திடலைப் போட்டு உலுப்பிக்கொண்டிருந்தது. கொடிகள் ஒரு கணமும் நிற்கவில்லை. அந்த வரட்சியில் குழியைச் சுற்றிப் புல் நிலைக்காது; ஆற்று மணலில் எரிந்த எஞ்சின் எண்ணெய் கலந்து வட்டமாகப் பரப்பியிருந்தார்கள். ஒன்பதாவது வட்டத்தின் ஓரத்தில் புனிதத்தின் கணவன் யாகப்பு நின்றார், கையைக் கையால் பிசைந்தபடி.

ஏரம்பர் கைத்தடியோடு வந்தார். "சார்ஜன், கள்ளனைப் பிடிக்க வந்தனீரோ, அவனுக்குக் காவலுக்கு வந்தனீரோ?"

வீரகத்தியின் பார்வை அவருடைய வெள்ளைச் சப்பாத்துகளில் இருந்தது. இடது புதிது போலிருந்தது. வலதின் முனை தேய்ந்து நூல் தெரிந்தது. "ஒருக்கால் நடந்து காட்டுங்கோவன், ஐயா."

"விடியத்தான் நடப்பன். கேட்டவனுக்கெல்லாம் தலையாட்டி நடக்க நான் என்ன பூம்பூம் மாடோ?"

அவர் போனதும் தவராசா சங்கிலி பிடித்தான். முதலில் யாகப்புவின் வளவு. ஐந்து வருடத்துக்கு முன் ஏரம்பர் நாற்பது கவடு வைத்து அடைத்த வேலி. சரியாக நூறு அடி. ஆகவே கவடு ஒன்று இரண்டரை அடி. முந்நூறு கவடு எழுநூற்றைம்பது அடி. பிறகு வெள்ளைக் கல்லிலிருந்து கொடி வரை இழுத்தான். கணக்கைப் பார்த்துத் துள்ளினான்.

"அண்ணை, எழுநூற்றிருபது! தூரம் கூடேல்லை, முப்பது அடி குறைஞ்சிருக்கு! கிழவர் பொய் சொல்லுறார். மூத்த மகன் நடராசா யாகப்புவின்ரை வளவிலை டிரக்டர் கொட்டில் போடக் கேட்டவராம். அப்பனும் மகனும் சேர்ந்து..."

"பொய் சொல்லுற ஆள் ஒருக்கால் சொல்லிப்போட்டு விட்டிடும், ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி எண்ணாது" என்றார் வீரகத்தி. அவர் வெள்ளைக் கல்லுக்குப் பின்னால், வீட்டுப் பக்கமாகக் குந்தியிருந்தார். நீர் ஊற்றி வளர்த்த முற்றத்துப் புல்லில் கல்லளவான தடங்கள் ஒரு முழ இடைவெளியில் தெரிந்தன. கல்லுக்குக் கிட்டினது வெளிறியிருந்தது. அடுத்தது மஞ்சள். அதற்கடுத்தது இளம்பச்சை. அதற்கப்பால் தடம் தெரியவில்லை. "பத்மாசனியம்மா எப்ப வாறா?"

"வெள்ளிக்கிழமை பஸ்ஸிலை" என்றார் யாகப்பு.

வெள்ளி பின்னேரம் குடியிருப்பே ஒன்பதாம் கொடியடியில் கூடிவிட்டது. நடராசா மார்பில் கை கட்டி நின்றான். பத்மாசனி பஸ்ஸால் இறங்கிய சேலையோடு வந்திருந்தார்.

"கொடி நகரேல்லை" என்றார் வீரகத்தி. "இந்த மணல் வட்டம் குறுக்காலை இருபது அடி. குழி நடுவிலை இருக்கு. ஐஞ்சு கவடு நகர்ந்திருந்தால் குழி வட்டத்துக்கு வெளியிலை, புல்லுக்குள்ளை போயிருக்கும்."

"அப்ப என்ரை கால் பொய்யோ?"

"சப்பாத்தைப் பாருங்கோ, ஐயா. வலது கால் நிலத்திலை உரஞ்சுது. உங்கடை கவடு இப்ப இரண்டரை அடி இல்லை."

நடராசா முன்னுக்கு வந்தான். "சார்ஜன், கதையை அளந்து கதையும்!"

"அளந்துதான் கதைக்கிறன், தம்பி. கவடு ஒரு கிழமையிலை இவ்வளவு குறையாது. மாதக்கணக்காக் குறைஞ்சிருக்கு; இந்தப் பத்து நாள் கோவத்திலை இன்னும் வேகமா. எண்டாலும் கணக்கு முந்நூறாவே வந்தது. எப்பிடி? ஆரோ தூரத்தையும் கூடவே முப்பது அடி குறைச்சிருக்கினம். கொடியை அசைக்கேலாது. அசைக்கக்கூடியது கல்லு. அதுக்குப் பின்னாலை புல்லிலை தடம் இருக்கு. கிட்டினது வெளிறல், எட்டினது பச்சை. ஒரேயடியா இல்லை, ஒவ்வொரு முழமா நகர்ந்திருக்கு. நகர்த்தின ஆள் ஐயாவுக்கு முந்தி எழும்பி முற்றத்துக்கு வாற ஆள். அந்த ஆள் இல்லாத கிழமையிலைதான் கணக்குப் பிழைச்சுது."

பத்மாசனி தலையை நிமிர்த்தினார்.

"ஓம், நான்தான். வெள்ளிக்கு வெள்ளி முற்றம் கூட்டேக்கை ஒரு முழம். முந்நூறு வராட்டில் இந்த மனுசன் சோறு தின்னாது." யாகப்புவின் பக்கம் திரும்பினார். "யாகப்பு, உன்னிலை பழி விழுமெண்டு நான் நினைக்கேல்லையடா."

"எத்தினை கிழமை?" என்றார் ஏரம்பர்.

"இருபது."

காற்று மணலை வாரி எறிந்தது. ஏரம்பர் தன் வலது காலை, பிறத்தியாரின் காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு தவராசாவிடம் திரும்பினார்.

"தம்பி, பன்னிரண்டு வளவையும் சங்கிலியாலை அளந்து எழுதும். எல்லாருக்கும் உறுதி முடிக்கவேணும். நான் கையெழுத்து வைக்கக்கூடிய காலத்திலை."

"அப்ப நாங்கள்?" என்றாள் புனிதம்.

"நீங்கள் இருங்கோ, பிள்ளை. நான்..." அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லை.

"மன்னிப்பு ஒண்டும் வேண்டாம், ஐயா. சட்டி பானை, பாய், கட்டில் எல்லாம் கட்டியாச்சு. அவிழ்க்க ஆள் அனுப்புங்கோ."

ஏரம்பர் ஆள் அனுப்பவில்லை. தானே போய் யாகப்புவின் வாசலில், மூட்டைகளுக்கு நடுவே நிலத்தில் இருந்தார். கடற்கரையில் வலை கட்டிப் பழகிய யாகப்புவின் கை போட்ட முடிச்சு இலேசில் இளகாது. அவருடைய நகங்கள் கயிற்றில் வழுக்கின. உதவப் போன தவராசாவை வீரகத்தி தோளில் பிடித்து நிறுத்தினார்.

யாகப்பு எதிரே வந்து குந்தி, கயிற்றின் மற்ற நுனியை இளக்கிக் கொடுத்தார்.