டோலிக்குப் பெயர் இருந்தது

ஆர்ஃபாவுக்குப் பத்து வயது. கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். அன்று நன்றாகவே சிவந்திருந்தது.

குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் அவளுடைய கொள்ளுத்தாத்தா ஜோதம் கைப்பட எழுதியிருந்தார்: 'குதிரை டோலி செத்தது.' அதற்குக் கீழே, 'மனைவி இறந்தாள்.' அவ்வளவுதான். கல்லறையிலும் 'ஜோதம் புரூயிட்டின் மனைவி' என்றுதான் இருந்தது.

"குதிரைக்குப் பேர் இருக்குப்பா! கொள்ளுப்பாட்டிக்கு இல்ல!"

"டோலி ஏர் இழுத்துச்சு" என்றார் அப்பா ஹார்லன்.

"அவங்க மட்டும் சும்மாவா உக்காந்திருந்தாங்க?"

நான் அந்த நெப்ராஸ்கா பண்ணையில் கூலியாள். வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

முதன்முதலில் வண்டி கட்டி வந்து குடியேறிய பெண்களின் பெயர்களைப் பொறித்து ஊரில் ஒரு நினைவுக்கல் நாட்ட இருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஹார்லன் பெட்டியிலிருந்து பழைய ஒட்டுப்போர்வையை எடுத்தார். அதன் பன்னிரண்டு துண்டுகளிலும் ஆளுக்கொரு பெயர் தைத்திருந்தது.

"பாட்டி ஒஹாயோவுலேர்ந்து கொண்டுவந்தது. முதல்ல இருக்கிறதுதான் அவங்க பேரா இருக்கும். அமாண்டா கோல். எழுதிக் குடுத்துடு."

ஆர்ஃபா நகரவில்லை. "அப்பா, எங்க டீச்சர் ஊரைவிட்டுப் போனப்ப நாங்களும் இப்படித்தான் ஆளுக்கொரு துண்டு தைச்சுப் போர்வை குடுத்தோம். அதுல எங்க பேருதான் இருக்கு. டீச்சர் பேரு இல்ல."

"அதனால?"

"இந்தப் பன்னிரண்டு பேர்ல யாருமே கொள்ளுப்பாட்டி இல்ல."

"உனக்குப் புத்தி ஜாஸ்தி. ஏதோ ஒரு பேர் இருந்தா சரிதான்."

ஆர்ஃபா கமிட்டித் தலைவி திருமதி ஸ்ட்ராடிடம் ஓடினாள். "பேர் இல்லாம இடத்த மட்டும் விட்டு வைங்க."

"எத்தனை நாளைக்கும்மா?"

"அவங்க அறுபது வருஷம் காத்திருந்தாங்க. நீங்க கொஞ்ச நாள் பொறுங்க."

இடம் விட்டார்கள். கல் நாட்டிய அன்று, "உங்க பாட்டி கல்லுக்குப் பல்லு விழுந்துடுச்சு!" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். ஆர்ஃபாவின் மூக்கு சிவந்தது. ஆனால் அழவில்லை.

போர்வையின் மூலைத் துண்டில் 'தங்கை லூசிண்டா, பெல்டன்' என்று இருந்தது. ஒஹாயோவில் இருந்த பெல்டன் ஊர்த் தபால் நிலையத்துக்கு ஆர்ஃபா கடிதம் போட்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து, லூசிண்டாவின் மகளிடமிருந்து பதில் வந்தது.

'என் பெரியம்மாவின் பெயர் கெஸையா. அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு எழுதினார். முதல் இரண்டு கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒன்றுக்கும் பதில் இல்லை. அக்கா என்னை மறந்துவிட்டாள் என்று சொல்லிச் சொல்லியே அம்மா கண்ணை மூடினார்.'

ஹார்லன் இரண்டு முறை படித்தார். "இங்க வந்த மூணாவது குளிர்காலத்துலயே அவங்க போயிட்டாங்க. எங்கப்பா அப்ப கைக்குழந்தை. அவங்க பிறந்த வீட்டுக்கு யாரும் சொல்லல போல."

"குதிரையைப் பத்தி எழுதின கையால ஒரு கடுதாசி போட முடியலையாப்பா?"

ஹார்லன் தொப்பியை எடுத்துக்கொண்டு கல்தச்சரைத் தேடிப் போனார்.

ஆர்ஃபா பதில் எழுத உட்கார்ந்தாள். போர்வையை மறுபடி விரித்தாள். பதினொரு துண்டுகள் கெட்டியாக இருந்தன. லூசிண்டாவின் துண்டு மட்டும் நைந்து, நூல் வெளுத்துப் போயிருந்தது.

அவள் எழுதினாள்: 'உங்கள் பெரியம்மா மறக்கவில்லை. உங்கள் அம்மாவின் பெயரைத் தடவித் தடவியே துணி நைந்திருக்கிறது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.'