மேடில்லாத கோடு

பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜியைத் தொடுமுன் மாப்பிள்ளை தன் இடுப்புக் கொழுப்பில் ஊசி குத்திக் காட்டுவதுதான் செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் மரியாதை. திருமாறனும் குத்திக்கொண்டான். ஊசியில் வந்ததைக் கரைப்பானில் கழுவியதும் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் துணுக்கு மிஞ்சியது. பூமியில் முன்னோர் தின்று சேர்த்த சொத்து. தாயின் கருவறை வழியே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது. அதை இடுக்கியால் எடுத்து, பொட்டளவு அலுமினியக் கிண்ணத்தில் வைத்து மூடிய பவளக்கொடிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அவள் பெண்ணுக்கு அம்மா. ஊருக்கெல்லாம் இந்தச் சோதனையைச் செய்து கொடுப்பவளும் அவள்தான். தன் வீட்டுக் கூடத்திலேயே செய்ய வேண்டி வந்தது தலையெழுத்து.

வேறுபாட்டுமானி என்ற அந்தப் பெட்டிக்குள் துணுக்கு வைத்த கிண்ணம் ஒன்று, வெறுங்கிண்ணம் ஒன்று. இரண்டும் ஒரே சீராகச் சூடேறும். துணுக்கு உருகும்போது கூடுதலாக வெப்பத்தைக் குடிக்கும். அது திரையில் மேடாக எழும். மேடு எழுகிற சூடுதான் குலம். நூற்றுப்பத்துப் பாகை என்றால் டீயைப் பையில் கட்டி வாங்கிய வம்சம். நூற்றறுபது என்றால் பிரியாணி டப்பா வம்சம். இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பிளாஸ்டிக் நாளாக நாளாகப் படிகமாக இறுகும்; மேடு பெரிதாகப் பெரிதாகப் படிகம் அதிகம். படிகம் கூடினால் பழைய குடும்பம். குப்பையிலும் மேல்குப்பை, கீழ்குப்பை பார்க்கிற ஜனங்கள்!

திருமாறனின் மேடு நூற்றுப்பத்தில் கம்பீரமாக எழுந்தது. அவன் அம்மா சௌந்தரம் பூரித்துப் போனாள்.

“பாத்தீங்களா? அசல் டீப்பை. கலப்பே இல்ல. இப்ப பொண்ணோடதப் போடுங்க.”

இளவேனில் ஊசியை வாங்கிக்கொண்டாள். அவளும் திருமாறனும் இரண்டு வருடமாகப் பழகுகிறவர்கள். இந்தச் சடங்கு ஒன்றுதான் பாக்கி.

கழுவிய பிறகு எதுவும் மிஞ்சவில்லை. காலிக் கிண்ணத்தையே பவளக்கொடி பெட்டிக்குள் வைத்தாள். சூடு நூற்றுப்பத்தைத் தாண்டியது, நூற்றறுபதைத் தாண்டியது. கோடு அசையவே இல்லை.

“பெட்டி ரிப்பேரா?” என்றாள் சௌந்தரம்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு. இவளச் சுமக்கறதுக்கு முன்னாடியே என் ரத்தத்த வடிகட்டிக்கிட்டேன். பொறந்ததுலேருந்து எவர்சில்வர்லதான் சோறு. என் பொண்ணு உடம்புல ஒரு தூசி பிளாஸ்டிக் கிடையாது.” பவளக்கொடி பெருமையாகத்தான் சொன்னாள்.

சௌந்தரம் அழுக்கை மிதித்தவள் போல முகத்தைச் சுளித்தாள். “அய்யோ, வம்சமே இல்லாத பொண்ணா?”

இளவேனிலின் கண்கள் நிறைந்துவிட்டன. “எனக்குன்னு எதையும் மிச்சம் வைக்கலையாம்மா நீ?”

பெற்ற மகளே அப்படிக் கேட்டது பவளக்கொடிக்கு நெஞ்சில் அறைந்தது போலிருந்தது. திருமாறன் தன் அம்மாவின் காதில் கெஞ்சினான். அவளும் இரங்கி, கைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு பிளாஸ்டிக் பையைப் பயபக்தியோடு எடுத்தாள். பூமியிலிருந்து வந்த குலச்சொத்து.

“போகட்டும். தினமும் கொதிக்கக் கொதிக்க இதுல டீ ஊத்திக் குடிக்கட்டும். ஒரு வருஷத்துல எங்க மேடு வந்துரும். அப்புறம் முகூர்த்தம் பாக்கலாம்.”

பவளக்கொடி அருவருப்போடு அந்தப் பையைத் தள்ளி வைத்தாள். “இது விஷம்னு தெரியாமத்தான் உங்க முன்னோர் குடிச்சாங்க. பாவம், அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. தெரிஞ்சே எதுக்கு…”

“தெரியாமலா?” சௌந்தரத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “எங்க ஆளுங்கள என்ன முட்டாளுங்கன்னு நெனச்சீங்களா? தடைன்னு சட்டம் இருந்துச்சு. கடை வாசல்லயே போர்டு இருந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பசங்க பாட்டாவே படிச்சுதுங்க. எல்லாம் தெரிஞ்சும், ஒரு தூக்குவாளி எடுத்துட்டுப் போகச் சோம்பல்பட்டு, தினமும் இதுலதான் வாங்கிக் குடிச்சாங்க. அந்த நெஞ்சழுத்தம் வேற யாருக்கு வரும்?”

இளவேனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.